மணிக்கு இத்தனை டாலர்

1997-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஒரு கார் கம்பெனி அலுவலகத்தின் ஃபாக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றபோதுதான் என் விலை எனக்குத் தெரிந்தது. என்னை அனுப்பிவைத்த கம்பெனி, கார் கம்பெனிக்குப் போட்ட பில் அது. யாரோ பார்க்காமல் மெஷினிலேயே விட்டுவிட்டார்கள். என் பெயர், அந்த மாதம் நான் வேலை பார்த்த மணிகள், மணிக்கு 60 டாலருக்கு மேல் ஒரு விலை, கடைசியில் பெருக்கிய தொகை. என் கைக்கு வந்த சம்பளம் அதில் பாதிகூட இல்லை. கோபம் வந்ததாகச் சொல்ல முடியாது. மீதி எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது. அதற்கப்புறம் கால் நூற்றாண்டு இந்த ஐடி தொழிலிலேயே கிடந்தேன். கடைசியில் அந்த பில்லைப் போடும் இடத்திலும் உட்கார்ந்தேன். நான் வேலை பார்த்த கம்பெனிகளின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப் போகும் கதை அவற்றைவிடப் பெரியது.

ஊர் குருவிகுளம். அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். 2019-இலிருந்து தென்காசி மாவட்டம். கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, கம்பு, பெய்யாவிட்டால் தீப்பெட்டி. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களிலிருந்து ஏஜென்ட் சைக்கிளில் தாளும் அட்டையும் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு போடுவார். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். மறுநாள் குரோசுக் கணக்கில் எண்ணி எடுத்துப் போவார். தீப்பெட்டி எங்கே விற்கிறது, என்ன விலைக்கு விற்கிறது என்பது ஒட்டுகிறவர்களுக்குத் தெரியாது. பின்னாளில் ‘ஆஃப்ஷோர்’ என்று எங்களுக்குப் படம் போட்டு விளக்கியபோது எனக்கு அந்த சைக்கிள்தான் கண்முன் வந்தது. கூலி கம்மியான ஊருக்கு வேலையை அனுப்பு, முடிந்ததைத் திரும்ப வாங்கு, நடுவில் நிற்பவன் நீயாக இரு. இந்தத் தொழிலின் மற்ற எல்லாம் இதன் மேல் கட்டிய மாடிகள்.

பொறியியல் படித்தது கோவில்பட்டி நேஷனல் இன்ஜினியரிங் கல்லூரியில். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த 1984-இல் தொடங்கிய கல்லூரி அது. அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டின் ஐடி தொழில் இப்போதிருக்கும் அளவுக்கு வந்திருக்காது என்பது என் கட்சி. சென்னையில் இருந்த நாற்காலிகளுக்கு ஆள் அனுப்பியது கிண்டியும் ஐஐடியும் மட்டுமல்ல. கோவில்பட்டியும் சிவகாசியும் திருச்செங்கோடும் அனுப்பின.

இந்தத் தொழிலின் வரலாற்றைப் பெங்களூரில் தொடங்கி எழுதுவது வழக்கம். நான் பம்பாயிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் தொடங்குவேன். 1968-இல் டாடா குழுமம் தன் கம்பெனிகளின் கணக்கைத் துளையட்டையில் ஏற்றிக் கொடுக்க ஒரு பிரிவைத் தொடங்கியது. அதுதான் டிசிஎஸ். அடுத்த ஆண்டு டாடா மின்சாரக் கம்பெனியிலிருந்து எஃப்.சி. கோலி வந்து பொறுப்பேற்றார். உள்நாட்டில் கம்ப்யூட்டர் வாங்கும் ஆட்கள் கம்மி; வெளிநாட்டிலிருந்து மெஷின் இறக்க வேண்டுமானால் அதன் மதிப்புக்குமேல் அந்நியச் செலாவணி சம்பாதித்துக் காட்ட வேண்டும் என்று சர்க்கார் விதி. ஏற்றுமதி என்பது ஆசைப்பட்டுப் போன வழியல்ல. அந்த விதி பிடித்துத் தள்ளிய வழி. 1974-இல் அமெரிக்காவின் பரோஸ் கம்பெனியிடமிருந்து ஒரு வேலை கிடைத்தது: ஆஸ்பத்திரிக் கணக்கு மென்பொருளை ஒரு வகை பரோஸ் மெஷினிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றித் தர வேண்டும். இங்கே பரோஸ் மெஷினே இல்லை. கையிலிருந்தது ஐசிஎல் 1903. இல்லாத மெஷினுக்கு இருக்கிற மெஷினில் எழுதி முடித்துக் கொடுத்தார்கள். இந்திய ஐடியின் முதல் வீரச்செயல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பரோஸின் தலைமையகம் டெட்ராய்ட். அதனால் டிசிஎஸ் ஆட்கள் டெட்ராய்ட்டுக்குப் போனார்கள். அப்படி 1976-இல் புரோகிராமராகப் போனவர் பரத் தேசாய். கென்யாவில் பிறந்தவர், அகமதாபாத்தில் வளர்ந்தவர், பம்பாய் ஐஐடி. டிசிஎஸ்-ஐ விட்டு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ படித்துக்கொண்டே, மனைவி நீரஜா சேத்தியுடன் 1980-இல் டிராய் நகரத்து அபார்ட்மென்டில் ஒரு கம்பெனி தொடங்கினார். முதல் 2,000 டாலர். முதல் வருட வியாபாரம் 30,000 டாலர். அதுதான் பின்னால் சின்டெல் ஆனது. இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்துக்கு முதலில் வந்த சர்வதேச ஐடி கம்பெனிகளில் ஒன்று இந்த அபார்ட்மென்டில் பிறந்ததுதான். அதற்குப் பின்னால் வருகிறேன்.

தொண்ணூறுகளில் வியாபாரம் ஆள் அனுப்புவதாகத்தான் இருந்தது. 1990-இல் அமெரிக்கா எச்-1பி வேலை விசாவைக் கொண்டுவந்தது, வருடத்துக்கு 65,000 பேருக்கு. அதைப் பிடித்துக்கொண்டு பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி, ஒரு மேசையும் ஒரு டெலிபோனும் மட்டும் உள்ள கம்பெனி எல்லாம் முளைத்தன. மிச்சிகனின் ஃபார்மிங்டன் ஹில்ஸில் ஒரு அபார்ட்மென்டில் நாங்கள் நாலு பேர்; மூன்று பேர் ஆந்திரா. எங்கள் குருவிகுளம் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் வீடுகள் ஏராளம். நான் பேசும் அந்தக் கரிசல் தெலுங்கைக் கேட்டு அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே என் சமையல் முறையை எனக்கு விட்டுக் கொடுத்தார்கள். புராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் காலத்துக்குப் பெயர் ‘பெஞ்ச்’. கொஞ்சம் நாணயமான கம்பெனி பெஞ்சிலும் சம்பளம் கொடுக்கும். மற்றவை கொடுக்காது, விசா அவர்கள் கையில் இருந்ததால் யாரும் வாய் திறக்க முடியாது. இந்தத் தொழிலின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அப்போது வந்ததுதான் ஒய்2கே. இன்றைய பிள்ளைகளுக்கு அது பெரிய கேலிக்கூத்து. ஒன்றும் நடக்கவில்லையே என்கிறார்கள். நடக்காமல் பார்த்துக்கொண்டதற்குத்தானே எங்களுக்குக் கூலி. அறுபது எழுபதுகளில் கோபோல் மொழியில் புரோகிராம் எழுதியவர்கள் இடத்தை மிச்சப்படுத்த வருடத்தை இரண்டே இலக்கத்தில் வைத்தார்கள். 1999 போய் 2000 வந்தால் 99-க்கு அப்புறம் 00. வட்டி தலைகீழாகும், வாரண்டி காலாவதியாகும், வரிசை கலையும். எல்லா ஃபைலிலும் நாலு இலக்கமாக்கினால் மாதக்கணக்கில் வேலை. அதனால் பல இடங்களில் ‘விண்டோயிங்’ செய்தோம்: 50-க்குக் கீழே இருந்தால் 2000-த்தைச் சேர்ந்தது, 50-ம் அதற்கு மேலும் 1900-த்தைச் சேர்ந்தது என்று புரோகிராமே முடிவு செய்துகொள்ளும்.

அது சுலபமான பகுதி. கஷ்டமானது, வருடமே இல்லாத வருடங்கள். நான் இருந்த இடத்தில் ஒரு அம்மையார், ஓய்வு பெறும் வயது, எழுபதுகளிலிருந்து அதே சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். பல டீலர் ஒப்பந்தங்களில் முடியும் வருடம் 99 என்று இருந்தது. நான் 1999 என்று எடுத்துக்கொள்ளப் போனேன், அவர் தடுத்தார். அந்த 99-க்கு ‘முடிவே இல்லை’ என்று பொருளாம். எந்தக் காகிதத்திலும் அது எழுதப்படவில்லை. அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அடுத்த பல வாரங்கள் புரோகிராமை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கார் எப்படி டீலருக்குப் போகிறது, திரும்பி வந்தால் யார் நஷ்டத்தை ஏற்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். மணிக்கு 60 டாலர் கொடுத்ததற்கு நான் செய்த உண்மையான வேலை அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கோபோல் தெரிந்த ஆள் எங்கும் கிடைப்பார். அந்த 99 தெரிந்த ஆள் கிடைக்க மாட்டார்.

ஒய்2கே முடிந்ததும் தொழில் சாகும் என்றார்கள்; சில சின்னக் கம்பெனிகள் செத்தன. தப்பியவை, சரி பார்க்கப் போன வீட்டில் காவல் வேலையும் வாங்கிக்கொண்டவை. பழைய சிஸ்டங்களைத் தினமும் ஓட்டிப் பராமரிக்கும் வேலை அது. அலுப்பானது, ஆனால் ஆண்டுக்கணக்கில் ஓடும். இதை முன்கூட்டியே பார்த்தவர்கள் காக்னிசன்ட்காரர்கள். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் கம்பெனி, இந்தியாவின் சத்யம் கம்பெனியோடு சேர்ந்து 1994-இல் சென்னையில் தனக்காகத் தொடங்கிய பிரிவு அது. இலங்கையில் பிறந்த குமார் மகாதேவா அதன் தலைவர். டிசிஎஸ்-இல் பல ஆண்டுகள் இருந்த லட்சுமி நாராயணன் இங்கே அவரோடு நின்றவர். 1998 ஜூனில் பங்குச் சந்தைக்குப் போனபோது அவர்கள் ஒய்2கேயை மட்டும் நம்பியிருக்கவில்லை. 2011-இல் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் ஏறினார்கள். சின்டெலிலும் டிசிஎஸ் ஆள், காக்னிசன்டிலும் டிசிஎஸ் ஆள். கோலியின் பட்டறையில் தேறியவர்கள்தான் பாதித் தொழிலை நடத்தினார்கள். அந்தப் பட்டறையின் தலைவர் நாற்காலியிலேயே 2009-இல் நாமக்கல் பக்கத்து மோகனூரில் தமிழ் வழியில் படித்த என். சந்திரசேகரன் உட்கார்ந்தார், 2017-இல் டாடா சன்ஸ் தலைவரானார். எங்கள் பக்கத்துப் பெற்றோர்களிடம் பேசும்போது இந்த ஒரு தகவல் பத்துப் பிரசங்கத்துக்குச் சமம்.

ஒய்2கே முடிந்த அந்த நேரத்தில் நானும் சென்னைக்குத் திரும்பினேன். 2000 ஜூலையில் டைடல் பார்க் திறந்தது. மகாபலிபுரம் சாலையில் உப்புக் காற்றும் கண்ணாடிக் கட்டடமும். அமெரிக்காவில் இரவு பேட்ச், அதாவது அன்றைய கணக்குகளை மொத்தமாக முடிக்கும் வேலை, ஓடும்போது இங்கே பகல். டெட்ராய்ட்டுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அவர்கள் தூங்கும்போது நாங்கள் கணினியைக் காவல் காத்தோம். ஒரு ஜாப் விழுந்தால் பீப்பர் அடிக்கும், பிறகு செல்போன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தோ வெற்றிடமோ வந்துவிட்டால் மெயின்ஃபிரேம் ‘சாக் செவன்’ என்று காட்டிவிட்டு நிற்கும். அதைப் பார்த்துப் பார்த்து எங்களில் பலர் கனவிலும் கண்டதுண்டு. காலை எட்டு மணிக்கு அங்கே அலுவலகம் திறப்பதற்குள் சரியாகிவிட வேண்டும். சரியாகிவிட்டால் யாருக்கும் நாங்கள் இருப்பதே தெரியாது.

இப்போது மீதி டாலர் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். பத்துப் பேர் கொண்ட ஒரு டீம் என்று வையுங்கள். மேனேஜர் ஒருவர், அனுபவசாலிகள் இரண்டு பேர், ஏழு பேர் கல்லூரி முடித்து வந்தவர்கள். கிளையன்ட் கொடுப்பது சராசரி மணி விலை. லாபம் வருவது அந்த ஏழு பேரிடமிருந்து. அவர்கள் சம்பளத்துக்கும் விலைக்கும்தான் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் விற்பனை ஆள், கட்டட வாடகை, பெஞ்சில் இருப்பவரின் சம்பளம், பயிற்சி, பங்குதாரரின் பங்கு எல்லாம் கழிகிறது. அடுத்த வருடம் அந்த ஏழு பேருக்கும் சம்பளம் உயரும். விலை அதே வேகத்தில் உயராது. எனவே கீழே புதிதாக ஏழு பேரைச் சேர்க்க வேண்டும். சேர்க்க வேண்டுமானால் புது வேலை வேண்டும். இதைத்தான் ‘பிரமிட்’ என்பார்கள். இந்தக் கம்பெனிகள் லட்சக்கணக்கில் ஆள் எடுத்தது நாட்டுக்கு வேலை கொடுக்கும் கருணையால் அல்ல. எடுக்காவிட்டால் கோபுரம் தலைகனத்துச் சரிந்துவிடும். ரூபாய் மதிப்பு இறங்கிக்கொண்டே வந்தது கம்பெனிகளுக்குக் கிடைத்த இன்னொரு வரம். பல வருடங்களில் லாபம் கூடியதில் நிர்வாகத்தின் சாமர்த்தியம் எவ்வளவு, டாலர் ஏறியது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் சிலருடைய போனஸ் குறைந்திருக்கும்.

சென்னையில் வாடகையும் சம்பளமும் ஏறியபோது பிரமிடின் அடிவாரத்துக்குச் சின்ன ஊர்கள் தேவைப்பட்டன. அப்படித்தான் கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, கங்கைகொண்டானில் தமிழக அரசின் எல்காட் அமைத்த ஐடி வளாகத்துக்குச் சின்டெல் வந்தது. புள்ளிமான் சரணாலயம் இருக்கும் அதே கங்கைகொண்டான். சின்டெல் 1992-லேயே பம்பாயில் ஆஃப்ஷோர் மையம் தொடங்கிய கம்பெனி. 1997-இல் நாஸ்டாக்கில் பங்கு விற்றது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஸ்டேட் ஸ்ட்ரீட், ஃபெட்எக்ஸ் போன்ற சில பெரிய வாடிக்கையாளர்களை இறுகப் பிடித்துக்கொண்டு, செலவைப் பைசா பைசாவாக எண்ணி வளர்ந்தது. லாப விகிதத்தில் எங்கள் கம்பெனி மேனேஜர்கள் பொறாமையோடு பேசிய பெயர் அது. என் பெரியம்மா பேத்தி அங்கே சேர்ந்தாள். வீட்டில் தூங்கி எழுந்து அமெரிக்க வங்கிக்கு வேலை பார்த்தாள். அவளுடைய அப்பா சொன்னது: “மெட்ராசுக்கு அனுப்ப மாட்டேன்னு நின்னேன். மெட்ராசு இங்க வந்துருச்சு, இனி என்னத்தச் சொல்ல?” மகன்களைவிட மகள்களுக்குத்தான் அந்த வளாகம் பெரிய விஷயம் என்பதை இந்தத் தொழிலின் வரலாற்றாசிரியர்கள் இன்னும் எழுதவில்லை.

ஆனால் சில வாடிக்கையாளர்களைச் சார்ந்த வீடு, அவர்கள் மனம் மாறினால் ஆடும். 2016-இல் சின்டெல், இந்தியா முதலிய வெளிநாடுகளில் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து 124 கோடி டாலரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், பங்குக்கு 15 டாலர் சிறப்பு ஈவுத்தொகை கொடுத்தது. பெரும் பங்கு நிறுவனர் குடும்பத்திடம். வளர்ச்சிக்குப் போட வேண்டிய பணத்தைப் பிரித்துக்கொள்கிறார்கள் என்றால் முதலாளி கிளம்பத் தயாராகிறார் என்று எங்கள் மண்டிக்காரர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். 2018-இல் பிரெஞ்சு கம்பெனி அட்டோஸ் 340 கோடி டாலருக்குச் சின்டெலை வாங்கியது. 2,000 டாலரில் தொடங்கியது 340 கோடியில் முடிந்தது, முப்பத்தெட்டு ஆண்டுகளில். காக்னிசன்டின் துணை நிறுவனமான டிரைசெட்டோவோடு 2015-லேயே தொடங்கிய வணிக ரகசிய வழக்கும் கூடவே வந்தது. 2020-இல் நியூயார்க் ஜூரி சின்டெல் மீது 85 கோடி டாலருக்குமேல் போட்டது, மேல்முறையீட்டில் அதில் பெரும்பகுதி அடிபட்டது. அட்டோஸும் நிலைக்கவில்லை. கடன் ஏறி, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸின் கணினிகளை ஓட்டிக்கொண்டிருந்த அதே மாதங்களில் கடன்காரர்களோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. கங்கைகொண்டானில் காலையில் பஞ்ச் செய்து உள்ளே போகும் பிள்ளைக்கு, தன் கம்பெனியின் தலைவிதி பாரிஸில் எந்த அறையில் முடிவாகிறது என்று தெரியாது.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோ மென்பொருள் கம்பெனியையும் கங்கைகொண்டான் கம்பெனியையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். ஸோஹோவுடையது வேறு வியாபாரம். அவர்கள் தங்கள் பொருளைத் தாங்கள் செய்து விற்கிறார்கள். நாங்கள் மணியை விற்றோம். பொருளை ஒரு தடவை செய்து ஆயிரம் பேருக்கு விற்கலாம். மணியை ஒரே ஒரு தடவைதான் விற்க முடியும்.

இந்தத் தொழில் ஊருக்கு என்ன செய்தது? வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து சங்கரன்கோவில் வரும் பஸ்களையும் பொதிகை எக்ஸ்பிரஸையும் நிரப்பியது. ஓட்டு வீடுகளைத் தார்சு வீடுகளாக்கியது. அதற்குள் அப்பாவையும் அம்மாவையும் மட்டும் இருக்கவைத்தது. நிலத்தை விலை ஏற்றியது. உழுவதற்கு ஆள் வைக்கவில்லை. கொரோனா காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. குருவிகுளத்து மாடிகளில் லேப்டாப்போடு பையன்கள், செல்போன் சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி அமெரிக்காவோடு மீட்டிங். எல்லா டெலிவரியும் நேரத்துக்குப் போனது. சென்னை சோழிங்கநல்லூரின் ஐடி கட்டடங்கள் அவ்வளவு அவசியமா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கம்பெனிகள் எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டன.

இப்போது பிரமிடின் அடிவாரத்தில் கை வைத்திருப்பது ஏஐ. ஏழு ஃப்ரெஷர் செய்த வேலையில் கணிசமானதை, டெஸ்ட் எழுதுவது, பழைய கோடைப் படித்துச் சுருக்கம் சொல்வது, சின்னப் பிழை திருத்துவது எல்லாவற்றையும் அது செய்கிறது. 2025-இல் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதில் நடுநிலை, மேல்நிலை ஆட்கள் அதிகம். கிளையன்ட்கள், மணிக்கு விலை பேசாதே, முடிந்த வேலைக்கு விலை சொல் என்கிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் புது எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தார். நான் போன வழி அநேகமாக அடைபட்டுவிட்டது.

அக்கா மகள் போன பொங்கலுக்குக் கேட்டாள்: “மாமா, ஏஐ வந்துட்டா எங்கள மாதிரி ஆளுகளுக்குச் சோலி இருக்குமா?” ஜாவா படிக்கிறாள். இருக்கும், ஆனால் ஜாவாவுக்காக இருக்காது என்றேன். அந்த அமெரிக்க அம்மையாரின் 99-ஐச் சொன்னேன். வங்கியில் கடன் எப்படி வாராக்கடன் ஆகிறது, இன்சூரன்ஸில் கிளெய்ம் ஏன் தள்ளுபடியாகிறது, ஆஸ்பத்திரி பில்லில் எந்தக் கோடு எதற்கு என்று தெரிந்தவளிடம் மெஷின் வந்து கேட்கும். அது எழுதியது சரியா தப்பா என்று சொல்ல அவள்தான் வேண்டும். நான் தொழில் தொடங்கியபோதும் இப்படித்தான் இருந்தது. நடுவில் முப்பது வருடம், தலை எண்ணிக்கையிலேயே காசு வந்ததால், மறந்திருந்தோம்.

குருவிகுளம், திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கமிருந்து இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நேர்முகத்தில் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள்; எந்த வாடிக்கையாளர், அவர் என்ன தொழில் செய்கிறார், உங்களை அவருக்கு எந்தக் கணக்கில் விற்கப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் சேர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாண்டு பேப்பரில் கையெழுத்துப் போடுமுன் வீட்டில் ஒருவரை வைத்துப் படித்துப் பாருங்கள். சர்டிபிகேட்டின் அசலைக் கேட்டால் கொடுக்காதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன், டெபாசிட் கட்டு என்று கோவில்பட்டியில் சுற்றும் ஆட்களிடம் காசு கொடுக்காதீர்கள். இந்தத் தொழிலில் ஒழுங்கான எந்தக் கம்பெனியும் வேலைக்குச் சேர வருகிறவரிடம் பணம் வாங்குவதில்லை.